போஸ்ட் நட்டாச்சு

ஜானட் படம் எடுத்தால் மைதானம் போய்விடும் என்று எங்கள் வடசென்னையில் ஒரு பேச்சு உண்டு. சுத்தப் பொய். போகப்போகிற மைதானமாகப் பார்த்துத்தான் நான் எடுக்கிறேன். ராயபுரத்தில் நான் எடுத்த இடத்தில் இன்று கார்கள் நிற்கின்றன, எண்ணூரில் எடுத்த இடத்தில் குடோன். அதற்கு என் கேமரா என்ன செய்யும்?

திருவொற்றியூர் வேதமாணிக்கம் அண்ணன் அந்தப் பேச்சை நம்பினார். ஹார்பரில் கிரேன் ஓட்டுகிறவர், சாயங்காலமானால் பிள்ளைகளுக்கு ஃபுட்பால் சொல்லிக்கொடுப்பார். அவருடைய மைதானத்தை வளைத்துப்போடப் பக்கத்து கன்டெய்னர் யார்டுக்காரர்கள் வேலிக்கான இரும்புக் குழாய்களைக் கொண்டுவந்து ஓரமாகக் குவித்திருந்தார்கள். வேலி வருவதற்குள் ஒரு படமாவது எடுத்துவிடுகிறேன் என்று கெஞ்சினேன். பிள்ளைகள் முன்னாலேயே கேமராவை மூடச் சொன்னார்.

"உயிரோட கீறப்போ எடுக்காதம்மே. செத்துப்போச்சுன்னா நானே கூப்புடுறேன், அப்போ வந்து எடு."

எனக்கு அப்படி ஒரு கோபம். பிணத்துக்குப் படம் எடுக்கிறவளா நான்? அதற்குப் பிறகு அந்தப் பக்கமே போகவில்லை.

நேற்று மதியம் அவரிடமிருந்து போன். பின்னால் ஒரே இரைச்சல், இவ்வளவுதான் காதில் விழுந்தது.

"போஸ்ட்டு நட்டாச்சும்மே. கேமராவ எடுத்துகினு வா."

வேலிக்குப் போஸ்ட் நட்டுவிட்டார்கள். முடிந்தது கதை. வண்டியை எடுத்துக்கொண்டு லாரிகளுக்கு நடுவே யார்டுக்காரனையும் அண்ணனையும் வாய்விட்டுத் திட்டிக்கொண்டே போனேன். அழுகையும் வந்தது, ஹெல்மெட்டுக்குள் கையை விட்டுத் துடைக்கவும் முடியவில்லை.

மைதானத்தை மறைத்து நின்ற லாரியைத் தாண்டியதும் அதே இரும்புக் குழாய்கள் மண்ணில் ஊன்றி நின்றன. வண்டியை அப்படியே நிறுத்தினேன். அப்புறம்தான் கவனித்தேன். இரண்டு குழாய்களுக்கு மேல் குறுக்கே இன்னொன்று, பின்னால் காசிமேட்டுப் பழைய மீன்வலை. எதிர்ப்பக்கமும் அப்படியே. அடச்சீ, கோல்போஸ்ட்! இத்தனை வருஷம் செங்கல்லை வைத்துக்கொண்டு கோலா இல்லையா என்று அடித்துக்கொண்ட பிள்ளைகள் அந்தக் குழாயைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எடம் மைதானத்துக்குத்தான்னு கார்ப்பரேஷன்ல சொல்லிட்டாங்க. யார்டுக்காரன் பைப்பக் கூட வேணான்னு உட்டுட்டு பூட்டான்," என்றார் அண்ணன். வெல்டர் ஆண்ட்ரூ காலையிலிருந்து பற்றவைத்தானாம். "இன்னாம்மே, கண்ணு செவந்து கீது?"

செத்தால்தானே கூப்பிடுவதாகச் சொன்னீர்கள் என்று கத்தினேன். போஸ்ட் என்றால் கோல்போஸ்ட்தானே, வேறென்ன போஸ்ட் என்று அவர் முழித்தார். நன்றாகத் திட்டலாமென்று வாயைத் திறந்தால் சிரிப்புதான் வந்தது. அப்பாடா என்று அந்த மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

பிள்ளைகளைக் கோலுக்கு முன்னால் நிறுத்தி எடுத்தேன். பழக்கதோஷத்தில் கேமராவைப் பையில் வைத்து மூடினேன். படம் எடுத்த எந்த மைதானத்துக்கும் நான் இரண்டாம் தடவை போனதில்லை, போக மைதானம் இருந்ததில்லை.

"பெயின்ட்டு இன்னும் அடிக்கல," என்றார் அண்ணன். "ஞாயித்துகெயம அடிச்சிடுவோம். அப்போ மறுபடி வந்து எடும்மே."

வருகிறேன் என்று தலையை ஆட்டினேன்.