காய்ந்த முழுக்கு

சிமெண்டுக் கிடங்கில் மூட்டை தூக்கியவருக்குப் பிறந்த நாள் முதல் உடம்பில் தண்ணீர் ஒட்டாது. மழையில் நின்றால் அவருக்கு ஒரு சாண் தள்ளித்தான் பெய்யும். குடிக்கிற தண்ணீர் ஒழுங்காகத் தொண்டைக்குள் இறங்கும், தோல்மேல்தான் நிற்காது. கிடங்கில் இதை ஒரு வசதியாகத்தான் பார்த்தார்கள். மழைநாளில் லாரியிலிருந்து இறங்குகிற மூட்டையெல்லாம் அவர் முதுகில்தான் ஏறும், தார்ப்பாய் தேவையில்லை. வேலை முடிந்து வந்தால் அவர் மனைவி வாசலிலேயே நிறுத்தி, மெத்தையைத் தட்டுவதுபோல் தட்டித் தூசி எடுப்பாள். அவளுக்கு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை. நாள் முழுக்க ஈரத்தில் நின்று விரல் நுனியெல்லாம் சுருங்கியிருக்கும். கல்யாணமாகி இருபது வருஷத்தில் புருஷனுக்கு ஒரு தடவைகூடத் தலை துவட்டிவிட்டதில்லை என்பது அவளுடைய சின்னக் குறை.

பெரிய குறை வேறு. தண்ணீரில் முங்கி எழுந்தவர்களுக்குத்தான் இரட்சிப்பு என்று அவள் ஞானஸ்நானம் எடுத்த சபையில் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருந்தாள். அவருக்கு விசுவாசத்தில் குறையில்லை. மூட்டைக்கு ஒரு ஜெபம் சொல்லுகிறவர். போதகர் இளகிய மனசுக்காரர். ஆண்டவருக்குப் பக்கத்துச் சிலுவையில் தொங்கிய கள்ளன் எந்தத் தொட்டியில் முங்கினான், அவனுக்கே பரதீசு கிடைத்ததே என்று தேற்றிப் பார்த்தார்.

"அவனுக்கு நேரமில்ல ஐயா, கையில வேற ஆணி. இவரு சும்மாதானே இருக்காரு," என்றாள் அவள். பிறகு குரலை இறக்கி, "அங்க போய் நான் மட்டும் தனியா உக்காந்திருக்கவா?" என்று கேட்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை போதகர் ஞானஸ்நானத் தொட்டியை நிரப்பினார். மூட்டைக்காரர் படியில் கால் வைத்ததும், பஸ்ஸில் கர்ப்பிணிக்கு வழிவிடுகிற ஜனங்களைப்போல் தண்ணீர் எழுந்து நாலு சுவரோரமும் ஒதுங்கி நின்றது. தரையில் யாரோ முன்பு தொலைத்த தோடு ஒன்று கிடந்தது. எடுத்து உரியவளிடம் கொடுத்தார்கள். அதற்கடுத்த வாரம் ஆற்றுக்குப் போனார்கள். ஆறு இரண்டாகப் பிரிந்து காத்திருந்தது. செங்கடல் கரையில் இவர் இருந்திருந்தால் கடலைப் பிளக்கக் கோலுக்கே வேலையில்லை என்று சபையில் ஒருவன் சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள், அவள் மட்டும் சிரிக்கவில்லை. போதகர் அவள் முகத்தைப் பார்த்தார். "தண்ணி வராட்டி போகுது, நீங்க வந்துட்டீங்கல்ல," என்று மூட்டைக்காரரின் முதுகைத் தாங்கி, தண்ணீர் இருந்திருக்க வேண்டிய இடத்தில் படுக்கவைத்து, பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் நாமத்தைச் சொல்லித் தூக்கிவிட்டார். சட்டையெல்லாம் மணல். அவள் தட்டிவிட்டாள்.

நாலாம் நாள், மழைத்தண்ணீரில் நடந்து வந்தவரின் இடது குதிகால் ஒரு பொத்தான் அளவுக்கு நனைந்திருந்தது. போதகர் வந்து குனிந்து பார்த்து, முழுக்கு புறப்பட்டாச்சு, வருகிற வழியில் இருக்கிறது என்றார். வந்து சேரப் பதினோரு வருஷம் ஆனது. முழங்கால்வரை நனைய மூன்று வருஷம், இடுப்புக்கு இன்னும் இரண்டு. தோளும் நனையத் தொடங்கி மூட்டைகள் கட்டிதட்டியபோது, கிடங்கில் அவரை வாசல் காவலுக்கு மாற்றினார்கள். ஈரம் கழுத்தில் வந்து இரண்டு வருஷம் அப்படியே நின்றுவிட்டது. சபையார் உபவாசம் இருந்தார்கள். அவரோ, இவ்வளவு தூரம் வந்தது திரும்பியா போகும், பொறுடி என்று மனைவியைத் தேற்றிக்கொண்டிருந்தார்.

பிறகு ஒரு மத்தியானம் பெருமழையில் வீட்டுக்கு வந்தவர், தப்பு செய்தவர்போல் வாசலிலேயே நின்றார். மூக்கு நுனியில் ஒரு சொட்டு தொங்கியது. தலை தொப்பலாக நனைந்திருந்தது. கதவுக்குப் பின்னால் ஆணியில் பதினோரு வருஷமாகத் தொங்கிய துண்டை அவள் எடுத்தாள்.

"உக்காருங்க. நின்னா எனக்கு எட்டாது."

அவர் உட்கார்ந்தார். காது சிவக்கும்வரை துவட்டினாள்.

"போதும்டி, காஞ்சுருச்சு."

"இன்னும் காயல. பேசாம குனிங்க," என்றாள்.