முதுகுக்கு முதுகு

ஆள் பிடித்துக்கொண்டு வா என்று என்னைப் பட்டறை வாசலில் நிறுத்திவிட்டு என் குழுவில் ஒயர், பசை என்று பட்டப்பெயர் வாங்கிய இருவரும் உள்ளே போய்விட்டார்கள். போகிற வருகிறவர்களிடமெல்லாம் பல்லைக் காட்டி, "ஒரு அஞ்சு நிமிஷம், ஒரு விளையாட்டு, உள்ள வர்றீங்களா?" என்று கேட்டுக்கொண்டிருந்தேன். எந்தத் தொனியில் கேட்டாலும் அது ஏமாற்று வேலை மாதிரியே ஒலித்தது. ஒரு பெரியவர் கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடையை எட்டிப் போட்டார். பார்சல் கொண்டுவந்தவர் என் கையில் பார்சலைத் திணித்துவிட்டு, நான் வாய் திறப்பதற்குள் வண்டியைக் கிளப்பிவிட்டார்.

வாசல் பலகையில் மேக்கர்ஸ்பேஸ் என்று எழுதியிருந்தாலும் பல்கலைக்கழகத்தில் எல்லோருக்கும் அது பட்டறைதான். லேசர் வெட்டிய பிளைவுட்டின் கருகல் வாசனை, மூலையில் நாள் முழுக்க முனகிக்கொண்டிருக்கும் 3டி பிரிண்டர், யார் தொட்டாலும் விரலில் குத்துகிற மரச்சிராய். விளையாட்டு வடிவமைப்பு என்ற பாடத்தில் சேர்ந்தபோது, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து விளையாடிக்கொண்டே தேறிவிடலாம் என்று நினைத்தவள் நான். முதல் வகுப்பிலேயே கையில் ரம்பத்தைக் கொடுத்தார்கள். பாடம் நடத்தியவருக்கு நாங்கள் வைத்த பெயர் 'ஏன் மேடம்'. "பச்சை பெயின்ட் அடிச்சிருக்கோம் மேடம்" என்றால் "ஏன்?" என்பார். "பச்சைதான் இருந்தது மேடம்" என்றால், கொஞ்சம் யோசித்துவிட்டு, "சரி, ஏன் பச்சை மட்டும் மிச்சம் இருந்தது?" என்பார்.

எங்கள் குழுவில் மூன்று பேர். ஒயர், மின்னணு வேலை பார்ப்பவன். டாக்டர் ஸ்டெதாஸ்கோப் மாட்டிக்கொள்வது மாதிரி கழுத்தில் எப்போதும் ஒரு ஒயர் கிடக்கும். பசை, கைக்கு எட்டிய எதையும் இன்னொன்றோடு ஒட்டிவிடுகிறவள். ஒருமுறை வருகைப் பதிவு மேசையில் இருந்த பேனாவை மேசையோடு ஒட்டியவள். கேட்டதற்கு, "அடிக்கடி தொலையுதுன்னாங்க" என்றாள். மூன்றாவது நான். விதிகளை எழுதுவதும் ஆள் பிடிப்பதும் என் பொறுப்பு.

நாங்கள் செய்தது ஒரு படகு. பிளைவுட் படகுக்குள் இரண்டு இருக்கைகள், முதுகுக்கு முதுகாக. நடுவில் இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரே சாய்வுப் பலகை. முன்னால் உட்காருகிறவருக்குத் திரை தெரியும். திரையில் கடலும் பாறைகளும் சுழல்களும். பின்னால் உட்காருகிறவர் கையில் சுக்கான் பிடி. திருப்பினால் படகு திரும்பும், இழுத்தால் வேகம் குறையும். ஆனால் அவர் கண்ணுக்குத் தெரிவது வெறும் சுவர்தான். பார்க்கிறவர் வாய்விட்டுச் சொன்னால்தான் பிடித்திருப்பவர் ஓட்ட முடியும். விளையாட்டுக்குப் பெயர் 'சொன்னால் கரை'. எத்தனை சொல் பேசினார்கள் என்று மைக் எண்ணித் திரையின் ஓரத்தில் காட்டும். மனிதர்கள் மனம்விட்டுப் பேச வேண்டும் என்பதுதான் எங்கள் கருத்து என்று நான் நாலு பக்கம் எழுதிக் கொடுத்திருந்தேன். ஏன் மேடமே அதற்கு ஒரே ஒரு 'ஏன்'தான் போட்டிருந்தார்.

அன்று கடைசிச் சோதனை. துறைக்குச் சம்பந்தமில்லாத வெளியாட்கள்தான் விளையாட வேண்டும், மேடம் நின்று பார்ப்பார். வருவதாகச் சொன்னவர்கள் அத்தனை பேருக்கும் திடீரென்று வேறு தேர்வு வந்துவிட்டது. வாசலில் ஒருவரும் சிக்காததால் வேறு வழியில்லாமல் வீட்டுக்குப் போன் போட்டேன். இரண்டு தடவை போட்டேன். ஏனென்றால் அப்பாவும் அம்மாவும் பேசிக்கொள்வதில்லை.

அப்பா ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்துகிறவர். எங்கள் பகுதியில் பாதிப் பேருக்கு ஸ்டியரிங் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர். அவருடைய வண்டியில் அவர் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. சில மாதங்களுக்கு முன் அம்மாவுக்கு வண்டி ஓட்டப் பழகும் ஆசை வந்தது. பின் சீட்டில் பயிற்சிக்கு வந்தவர்கள் உட்கார்ந்திருக்க, ஒரு வளைவில் அம்மா தடுமாறியதும், அப்பா பின்னால் திரும்பி, "என் சர்வீஸ்ல இப்படி ஒரு கேஸைப் பாத்ததே இல்லப்பா" என்று சொல்லியிருக்கிறார். பின் சீட் சிரித்துவிட்டது. அம்மா இண்டிகேட்டர் போட்டு, கண்ணாடி பார்த்து, வண்டியை அழகாக ஓரங்கட்டி நிறுத்தினாள். இறங்கினாள். வீட்டுக்கு நடந்தே வந்தாள். அந்த ஓரங்கட்டலில் ஒரு குறையும் சொல்ல முடியாது என்று அப்பாவே பிறகு என்னிடம் ஒப்புக்கொண்டார். அம்மாவிடம் ஒப்புக்கொள்ளவில்லை.

அன்றிலிருந்து வீட்டில் நான்தான் தபால்காரி. "உங்கப்பாவைச் சாப்பிட வரச் சொல்லு" என்பாள் அம்மா. அப்பா எதிரில்தான் உட்கார்ந்திருப்பார். "வர்றேன்னு சொல்லு" என்பார். நான், "வர்றாராம்" என்பேன். ஒருநாள் தலைவலி என்று நான் சீக்கிரமே படுத்துவிட்டேன். அன்றைய செய்திகள் எதுவும் பட்டுவாடா ஆகாமல் இரண்டு பேரும் பட்டினியாகத் தூங்கினார்கள்.

அதனால் தனித்தனியாகக் கூப்பிட்டேன். ஒருவர் மறுத்தாலும் இன்னொருவர் வருவார் என்பது என் கணக்கு. அம்மா பஸ்ஸில் வந்து இறங்கினாள். மூச்சு வாங்கி நிமிர்வதற்குள், கூரையில் பயிற்சிப் பலகை மாட்டிய வண்டியில் அப்பா வந்து நின்றார். ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் கையில் இருந்த பார்சலைப் பார்த்தேன்.

"தம்பதியா? ரொம்ப நல்லது" என்றார் ஏன் மேடம், குறிப்பெழுதத் தயாராகி. "யார் எங்க உக்காரணும்னு நீங்களே பேசி முடிவு பண்ணிக்கோங்க."

பேசி. ஒயர் என்னைப் பார்த்தான். அவனுக்கு எங்கள் வீட்டு நிலவரம் தெரியும். அம்மா ஒன்றும் சொல்லாமல் நேராகப் போய்ச் சுக்கான் பிடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அப்பாவுக்குத் திரைதான் மிச்சம். செருப்பைக் கழற்றிவிட்டு, பெல்ட் எங்கே என்று இடுப்பருகே தடவிப் பார்த்து, இல்லை என்றதும் முகம் சுளித்து உட்கார்ந்தார். முதுகும் முதுகும் பலகையின் இரண்டு பக்கமும் படிந்தன. நான் பொத்தானை அழுத்தினேன். இது அரை நிமிடத்தில் கவிழ்ந்துவிடும், எங்கள் தேர்ச்சியும் கூடவே கவிழும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

முதல் பாறை இடப்பக்கம் முளைத்தது. அப்பாவின் வாய் திறந்தது. கற்றுக்கொடுத்தே பழகிய வாய் அது. "ரைட் ஒடி, ரைட் ஒடி" என்று தூக்கத்தில் கூடச் சொல்லும். திறந்த வாய் அப்படியே மூடிக்கொண்டது. ஆனால் உடம்பு சும்மா இருக்கவில்லை. மொத்த ஆளும் வலப்பக்கம் சரிந்தார். பலகை லேசாக முனகியது. படகு வலப்பக்கம் திரும்பிப் பாறையை ஒட்டிக் கடந்தது.

தற்செயல் என்று நினைத்தேன். அடுத்தது சுழல். அப்பாவின் வலது கால் படகின் தரையை ஓங்கி மிதித்தது. அந்தக் கணமே அம்மா பிடியை இழுத்தாள், படகு தவழ்ந்தது. பிறகு இரட்டைப் பாறைகள். அப்பா இந்தப் பக்கம் சரிந்தார், அந்தப் பக்கம் சரிந்தார், இரண்டு தோளையும் குறுக்கி மூச்சைப் பிடித்தார். அம்மா எதிர்ச் சுவரைப் பார்த்தபடி, சாலையோரம் பூச்செடி வேடிக்கை பார்க்கிறவள் மாதிரியான முகத்தோடு, படகை நடுவில் நுழைத்து எடுத்தாள். முந்தைய சோதனைகளில் மற்ற ஜோடிகள் எல்லாம் கவிழ்ந்தது இந்த இடத்தில்தான். முதுகைக் காட்டி உட்கார்ந்தால் ஒருவரின் வலது இன்னொருவருக்கு இடது, "உன் வலதா, என் வலதா?" என்று கத்திக்கொண்டே போய் முட்டுவார்கள். சரிகிற முதுகுக்கு அந்தக் குழப்பமே கிடையாது.

படகு கரை சேர்ந்தது. அதுவரை ஒரு ஜோடியும் சேர்த்ததில்லை. திரையில் பட்டாசு வெடித்தது. ஓரத்தில், பேசிய சொற்கள்: 0.

"மைக் அவுட்" என்றார் ஏன் மேடம்.

ஒயர் பாய்ந்துபோய் மைக்கைத் தட்டினான். "டெஸ்டிங், டெஸ்டிங்." எண் இரண்டானது. "இல்ல மேடம், நல்லாத்தான் இருக்கு. இவங்கதான் பேசல."

மேடம் படகைச் சுற்றி வந்தார். குனிந்து பலகையைத் தட்டினார். தரையும் பலகையும் இருக்கைகளும் பசையின் கைவண்ணத்தில் ஒரே உடம்பாக ஒட்டிக் கிடந்தன. ஒரு மூலையில் மூச்சு விட்டால் மறுமூலைக்குத் தெரியும். அம்மாவிடம் வந்து நின்றார். "உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"அவர் பிரேக் போட்டார்ல."

"நான் எங்க போட்டேன்? இதுல பிரேக்கே கிடையாதுன்னு அவங்க கிட்ட சொல்லுங்க மேடம்."

மேடம் தன்னையறியாமல் அம்மாவிடம் திரும்பி, "பிரேக் கிடையாதாம்" என்றார். பிறகுதான் தான் என்ன செய்தோம் என்று உறைத்தது. "ஒரு நிமிஷம். ரெண்டு பேரும் ஏன் நேரா பேசிக்க மாட்டீங்க?"

அந்தக் கேள்வியைக் கேட்கும் தைரியம் இத்தனை மாதத்தில் எனக்கு வந்ததில்லை. அம்மா சுக்கான் பிடியை ஒருமுறை துடைத்தாள். "வெளியாளுங்க முன்னாடி என்னைக் கேஸுன்னு சொன்னார். சிரிச்சாங்க" என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள். வீட்டில் அவளிடமிருந்து எத்தனையோ செய்தி கொண்டுபோயிருக்கிறேன், இதை மட்டும் அவள் என்னிடம் கொடுத்தனுப்பியதே இல்லை.

அப்பா குனிந்து செருப்பைத் தேடினார். காலுக்கடியில்தான் இருந்தது. "நல்லாத்தான் ஓட்டுறாங்க மேடம்" என்றார்.

"யாருன்னு கேளுங்க" என்றாள் அம்மா.

அப்பா செருப்பை மாட்டிக்கொண்டார். "வகுப்புக்கு ஆள் வந்திருப்பாங்க" என்று முனகிவிட்டு வண்டியில் ஏறினார். ஏறியவர் கிளப்பாமல் உட்கார்ந்திருந்தார். அம்மா அந்த வண்டியைத் தாண்டி பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள்.

மேடம் எங்கள் பக்கம் திரும்பினார். "உங்க விளையாட்டோட விதியே உடைஞ்சுபோச்சு. பேசாமலே ஜெயிக்கலாம்னு ஆயிடுச்சு. இதைச் சரிபண்ணுவீங்களா, அப்படியே விடுவீங்களா? எதுவானாலும் கண்காட்சி அன்னைக்கு ஏன்னு சொல்லணும்."

ஒயர் அப்போதே ரம்பத்தை எடுத்துவிட்டான். பலகையை நடுவில் அறுத்து, இடையில் ஸ்பாஞ்ச் வைத்துவிட்டால் முதுகுப் பேச்சு நின்றுவிடும், விதி பிழைத்துவிடும். அவன் சொன்னது நியாயம்தான். நான் நாலு பக்கம் எழுதியதும் அதற்காகத்தான். எனக்கு அறுக்க மனசு வரவில்லை; ஏன் என்று எடுத்துச் சொல்லவும் தெரியவில்லை. எங்களைக் காப்பாற்றியது பசை. "ஒட்டினதை அறுக்க விடமாட்டேன்" என்று படகுக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டாள். அவளை இறக்கும் முயற்சியில் ஒயரின் சட்டைக் கை படகில் ஒட்டிக்கொண்டது. பலகை தப்பியது. விளையாட்டின் பெயரை மட்டும் மாற்றினோம். 'சொன்னால் கரை' என்பதில் முதல் சொல்லை அழித்துவிட்டு வெறும் 'கரை'. என் நாலு பக்கத்தையும் கிழித்துவிட்டு ஒரு பத்தி எழுதினேன். பேச்சைத் தவிர மனிதர்களிடம் வேறு என்னவெல்லாம் இருக்கிறது என்று தெரியாமல் விதி போட்டுவிட்டோம், அதனால் விதியை மாற்றிவிட்டோம் என்று.

கண்காட்சி அன்று பட்டறை நிரம்பி வழிந்தது. எங்கள் படகுக்கு முன்னால் வரிசை கதவைத் தாண்டி நின்றது. காதலர்கள் ஏறிச் சண்டையோடு இறங்கினார்கள். இரண்டு பேராசிரியர்கள் ஒருவர் மேல் ஒருவர் பழி சொல்லிக்கொண்டே மூழ்கினார்கள். இந்தத் தடவை நான் யாருக்கும் போன் செய்யவில்லை. வரிசையின் நடுவில் அம்மா நின்றிருந்தாள். அவளுக்குப் பின்னால், இடையில் இன்னும் இரண்டு ஆள் நிற்கிற அளவு இடம் விட்டு, அப்பா.

அவர்கள் முறை வந்தது. அம்மா இந்தத் தடவை திரைப் பக்கம் போய் உட்கார்ந்தாள். அப்பா ஒரு கணம் தயங்கிவிட்டு, என்னிடம் செருப்பைக் கொடுத்துவிட்டுச் சுக்கானைப் பிடித்தார். எத்தனை வருடத் தொழில். முதுகை நிமிர்த்தி, தோளைத் தளர்த்தி, எங்களுக்குப் பாடம் எடுக்கிற தோரணையில் உட்கார்ந்தார். ஏன் மேடம் குறிப்பேட்டைக் கூட எடுக்கவில்லை, கைகட்டி நின்றார்.

முதல் பாறை வந்தது. அம்மா அதைப் பார்த்தாள். தூண் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். பலகையில் அவள் முதுகு படவே இல்லை. படகு நேராகப் போய் முட்டியது. அப்பா பிடியை இந்தப் பக்கம் திருப்பினார், அந்தப் பக்கம் திருப்பினார். பலகையில் காதை வைப்பதுபோல் தலையைச் சாய்த்துப் பார்த்தார். மறுபடி முட்டியது. வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அப்பாவின் காது சிவந்தது. எனக்கே பாவமாக இருந்தது.

"ஏய்" என்றார் அப்பா, சுவரைப் பார்த்து. குரல் அவருக்கே பழக்கமில்லாத மாதிரி கரகரத்தது. "ஏதாவது சொல்லேன்."

பட்டறையில் பிரிண்டர் மட்டும் முனகிக்கொண்டிருந்தது.

"நான்தான் தப்பாப் பேசிட்டேன்" என்றார், இன்னும் கொஞ்சம் சத்தமாக, வரிசை முழுக்கக் கேட்கிற மாதிரி. "நீ சொல்லு. நான் திருப்புறேன்."

திரையில் படகு பாறையோடு உரசி உரசி ஆடிக்கொண்டிருந்தது. பின்னால் வரிசை நீண்டது. அம்மா காலை நீட்டி வசதியாக உட்கார்ந்து, மெல்லச் சரிந்து, பலகை முனகும்படி தன் முழு முதுகையும் அதில் சாய்த்துக்கொண்டாள். எதிரே விரிந்து கிடந்த கடலை, அவசரமே இல்லாமல், ஓரத்திலிருந்து ஓரம் வரை பார்க்க ஆரம்பித்தாள்.