ஒரு சிட்டிகை மருந்து

வெர்லின் டீக் துப்பாக்கியில் மருந்தை இருமுறை கெட்டித்தார் என்று எங்கள் துப்பாக்கிச் சுடுகளச் சங்கத்தார் எழுதிவைக்க முற்பட்டார்கள். அது பொய். அன்றைய பதிவேட்டை எழுதியவன் நான்.

டிசம்பர் மான் வேட்டைக்கு குழலின் வாய்வழியே மருந்தும் குண்டும் கெட்டிக்கும் துப்பாக்கிகள் மட்டுமே அனுமதி. வெர்லின் புதிதாக ஒன்று வாங்கியிருந்தார். அதற்கு எந்த மருந்து ஒத்துவரும் என்று தீர்மானிக்க, தூறல் விழுந்த ஒரு சனிக்கிழமை காலையில் களத்திற்கு வந்தார். அசல் கருமருந்தில் ஐந்து குண்டு, கடையில் விற்கும் மாற்றுப்பொடியில் ஐந்து, மைத்துனன் ஆரி கொண்டுவந்த பழைய டப்பாவிலிருந்து ஐந்து. மூன்றிற்கும் ஒரே அளவுக்குழாய்.

"கடைப்பொடிய நம்பியா மச்சான் காட்டுக்குப் போறீங்க? அதுக்கு எங்கக்கா சுட்ட சோளரொட்டிய எறிங்க, மான் அங்கயே சாஞ்சிடும்" என்றான் ஆரி.

"அவ காதுல விழுந்தா மானுக்கு முன்னாடி உன்னத்தான்டா உரிப்பா."

வாய் திறந்த டப்பா எதுவாயினும், ஒரு சிட்டிகை எடுத்து ஓட்டின்மேல் வைத்துக் கொளுத்திப் பார்ப்பது எங்கள் களத்தின் விதி. கருமருந்தானால் குப்பென்று பற்றி வெண்புகை கக்கும். தோட்டாக்களில் இடும் புகையில்லா மருந்தானால் மஞ்சள் சுடருடன் சோம்பலாக எரியும். அதை இந்தத் துப்பாக்கியில் இட்டால் குழலே வெடித்துவிடும். சோதிப்பது பதிவாளரின் கடமை. தீப்பெட்டி என் சட்டைப்பையில்தான் இருந்தது.

"ஓடு நனைஞ்சு கெடக்கு, வாத்தியாரே. டப்பா மேலதான் எழுதியிருக்குல்ல? எங்களுக்கெல்லாம் எழுத்துக்கூட்டச் சொல்லிக்கொடுத்தவரு நீங்க, படிச்சுக்கோங்க!" என்று ஆரி சிரித்தான்.

படித்தேன். கருமருந்து என்றுதான் இருந்தது. சோதனைக் கட்டத்தில் சரி என்று குறியிட்டேன்.

பதினோராவது குண்டில், அந்த டப்பா மருந்தின் முதல் குண்டில், துப்பாக்கி வெடித்தது. வெர்லினின் இடக்கை மணிக்கட்டோடு போயிற்று, இடக்கண்ணும் போயிற்று.

நான்காம் நாள் ஆரி என் வீட்டு வாசலில் வந்து நின்றான். "கைத்துப்பாக்கித் தோட்டாவுக்கு வச்சிருந்த மருந்து, வாத்தியாரே. பாட்டில் விரிசல் விட்டுடுச்சுன்னு அந்தக் காலி டப்பாவுல கொட்டி வச்சேன். ரெண்டு வருஷமாச்சு, மறந்தே போச்சு."

சங்கத் தலைவர் பிளெவின்ஸிடம் இதைச் சொன்னேன். அவர் குரலைத் தாழ்த்தினார். "வெர்லின் ரெண்டு தடவ கெட்டிச்சிட்டான்னு எழுதிடுங்க. அப்பதான் அதிகாரிங்க களத்த இழுத்து மூட மாட்டாங்க. அவனுக்கு இனிமே போறதுக்கு என்ன இருக்கு?"

என்ன இருக்கிறதாம்! முப்பதாண்டுகளில் ஒரு குண்டைக்கூட அவர் கவனமின்றிக் கெட்டித்ததில்லை. கையிழந்தவனிடம் எஞ்சியிருப்பதையும் பறித்துத் தம் வேலிக்கு முட்டுக்கொடுக்கத் துணிந்தவர்களை நான் என்னவென்று சொல்வது?

பதிவேட்டை எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போனேன். கட்டுகளுக்கிடையே ஒற்றைக்கண் என்னைத் தேடிப் பிடித்தது.

"நான் ரெண்டு தடவ போட்டேனா, வாத்தியாரே? எனக்கு ஒண்ணுமே ஞாபகமில்ல. பிளெவின்ஸ் அப்படித்தான் சொல்லிட்டுப் போனான். அத மட்டும் சொல்லுங்க."

பக்கத்தைத் திருப்பி வாசித்தேன். பதினோராவது குண்டு, மருந்து ஒருமுறை, குண்டு ஒன்று, கெட்டிக்கும் கோல் ஒற்றை அளவுக்கான அடையாளம் வரை இறங்கியது.

"ஒரு தடவதானே?"

"ஒரு தடவதான், வெர்லின்." டப்பாவில் இருந்தது என்ன என்பதையும் சொன்னேன்.

அவர் கண் பதிவேட்டுக்குத் தாவியது. பிறகு, "கொளுத்திப் பாத்தீங்கல்ல?" என்றார்.

சரி என்ற குறி என் விரலுக்கடியில் இருந்தது. அதைச் சங்கத்தில் எவரும் கேட்டிருக்கவில்லை, கேட்டிருக்கவும் மாட்டார்கள்.

"இல்ல."

அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அந்தக் குறியை அடித்து, 'சோதிக்கப்படவில்லை' என்று எழுதிக் கையொப்பமிட்டேன்.