நீலக் கோட்டுக்கு அடியில்

லாட்ஜில் அறை கூட்டுகிறவன் நான். படிப்பு மூன்றாவதோடு சரி. எவனையும் நம்பமாட்டேன். சாவியோடு ஆணுறையும் கையில் திணித்துத்தான் மேலே விடுவேன். "இது எனக்குப் பத்தாது, பெருசு" என்று ஒருத்தன் இளித்தான். "அப்ப தலையில மாட்டிக்கிட்டு வீட்டுக்குப் போ" என்றேன்.

நான் நம்பிய ஒரே ஆள் ஆறாம் அறைப் பெரியவள். எனக்குக் காய்ச்சல் கண்டபோது வாந்தியை அள்ளிக் கொட்டியவள். அவளோடு தங்கியிருந்தவளுக்கு இருபத்தாறு வயது, சின்னவள் என்போம். வந்த ஆள் போனதும் இரண்டு பேரும் போதை ஊசி போட்டுக்கொள்வார்கள். விடச் சொன்னேன், காதில் ஏறவில்லை. ஒருத்தி ஊசியை இன்னொருத்தி தொடாமலாவது இருக்கட்டும் என்று, ஆஸ்பத்திரி நர்ஸம்மா வாராவாரம் தரும் புது ஊசிகளில் நகப்பூச்சால் கோடு போட்டேன். பெரியவளுக்குச் சிவப்பு, சின்னவளுக்கு நீலம். நகப்பூச்சைப் பெரியவளிடமே விட்டுவைத்தேன். அவளைத்தான் நம்பினேனே.

புதன்கிழமை காலை, பழைய ஊசிகளை டப்பாவில் போடும்போது ஒரு நீலக் கோடு உரிந்திருந்தது. உள்ளே சிவப்பு.

பெரியவளைப் படிக்கட்டில் மறித்தேன். "என்னடி இது?"

"கத்தாதீங்கண்ணே. என்னுது முனை மழுங்கிப்போச்சு. அவளோடது புதுசு. மாத்திப் பூசிட்டேன்."

"உன் ரத்தம் சுத்தம்னு சொன்னியே?"

அவள் சுவரைப் பார்த்தாள். "எச்.ஐ.வி. ரெண்டு மாசமாத் தெரியும். சொன்னா என்னை இங்க வெச்சிருப்பீங்களா?"

மூன்று நாளுக்குள் மாத்திரை ஆரம்பித்தால் தப்ப வழியுண்டு என்று நர்ஸம்மா சொல்லியிருந்தாள்.

"எப்ப மாத்தினே?"

"நேத்துதாண்ணே. எம்மேல சத்தியமா."

சின்னவளை எழுப்பி விஷயத்தைச் சொல்லி, செருப்புகூட மாட்டவிடாமல் ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போனேன். நர்ஸம்மா இரண்டு தடவை கேட்டாள், "நேத்துதானே?" நான்தான் அடித்துச் சொன்னேன். மாத்திரை கொடுத்தாள்.

வாசலில் சின்னவள் நின்றுவிட்டாள்.

"தாத்தா, ஊசி மழுங்கலா இருக்குன்னு வெள்ளிக்கிழமையே அக்காகிட்ட சொன்னேனே. 'உனக்கு எருமைத் தோலுடி'ன்னு சிரிச்சா."

விரல் விட்டுப் பார்த்தேன். ஐந்து நாள்.

அந்தச் சிரிப்பு அன்றைக்கு எனக்கும் கேட்டது. கீழே கூட்டிக்கொண்டிருந்தேன். என்ன குஷியோ என்று நானும் சிரித்தேன்.

"வா" என்றேன். நான் அடித்துச் சொன்ன பொய்யை நானே உள்ளே போய்த் திருத்தவேண்டும்.