இடக்கைக்குத் திறந்த கத்தி

அந்த லிஃப்ட் மெக்கானிக்குக்கு மடக்குக்கத்திகள் மேல் தீராத பித்து. அலமாரியின் மேல்தட்டில் பச்சைத் துணி விரித்து இருபத்திரண்டு கத்திகளை அடுக்கி வைத்திருந்தான். நகத்தால் இழுத்துத் திறப்பது, கட்டைவிரலால் தள்ளித் திறப்பது என எல்லாம் இருந்தன. ஃப்ளிப்பர் மட்டும் இல்லை. மடக்கிய ஃப்ளிப்பரின் முதுகில் சின்ன முளையொன்று துருத்திக்கொண்டிருக்கும். ஆள்காட்டி விரலால் அதை அழுத்தினால் போதும், அலகு 'சடக்'கென்று வெளியே வந்து நிற்கும்.

அவன் வேலைக்குப் போகும் ஓட்டலின் சமையல்காரரிடம் அப்படி ஒன்று இருந்தது. அவரும் கத்திப் பிரியர்தான். பேசிக் கரைத்து, தன்னுடையதில் இரண்டைக் கொடுத்து அதை வாங்கி வந்தான்.

வீட்டில் முளையை அழுத்தினால், ஊஹூம், அலகு அசைவேனா என்றது. கழற்றித் துடைத்தான், எண்ணெய் விட்டான், திருகாணியைக் கால் சுற்றுத் தளர்த்தினான். எதற்கும் மசியவில்லை. எட்டு மாடி லிஃப்டை ஏற்றி இறக்குகிறவனுக்கு விரல் நீளக் கத்தி தண்ணி காட்டியது.

மறுநாள் நேரே ஓட்டல் சமையலறையில் போய் நின்றான்.

"என்னங்க, ஓடாத வண்டிய என் தலையில கட்டிட்டீங்களே!"

சமையல்காரர் கரண்டியை வைத்துவிட்டுக் கத்தியை வாங்கினார். சடக். மடக்கி இன்னொரு தடவை. சடக்.

"நல்லாத்தானே இருக்கு?"

அவன் வாங்கி அழுத்தினான். கத்தி கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தது. கோபம் போன இடம் தெரியவில்லை. இது எப்படி என்ற குடைச்சல்தான் மண்டைக்குள் புகுந்துகொண்டது.

அன்று இரவு வீட்டில், தையல் கூடத்தில் துணி வெட்டும் அவன் மனைவி, அவன் கத்தியோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இப்படிக் குடுங்க."

வாங்கிய கையிலேயே அழுத்தினாள். சடக்! அவன் வாயைப் பிளந்தான்.

"இன்னொரு தடவ பண்ணு!"

சடக்.

அப்போதுதான் அவள் கையைப் பார்த்தான். இடது கை. சமையல்காரர் கரண்டியைப் பிடித்திருந்ததும் இடக்கையில்தானே!

"கத்தரிக்கோலெல்லாம் வலக்கைக்காரங்களுக்குன்னே செய்வாங்க. எனக்கு ஒண்ணு அமையறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடுச்சு," என்றாள் அவள். "இது மட்டும் எப்படிங்க எனக்குத் திறக்குது?"

அதுதானே! வேலைச் சீட்டில் முத்திரை குத்தும் மைப்பெட்டியை எடுத்து வந்தான். வலக்கை விரல்களில் மை தடவிக்கொண்டு கத்தியைப் பிடித்து அழுத்தினான். திறக்கவில்லை. விரல்களை எடுத்துப் பார்த்தால், அலகைப் பிடித்து வைக்கும் பூட்டுத் தகட்டின் மேல் பளிச்சென்று இரண்டு நீல ரேகைகள்.

"அட, நானேதான் பூட்ட அமுக்கிப் பிடிச்சிருக்கேன்! இடக்கையில பிடிச்சா விரலெல்லாம் மறுபக்கம் விழுது, பூட்டு மேல படவே இல்ல."

நடுவிரலையும் மோதிர விரலையும் ஓரத்துக்கு நகர்த்திக்கொண்டு அழுத்தினான். சடக்! மனைவி கைதட்டினாள். அவனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பத்துப் பதினைந்து தடவை திறந்து மூடினான்.

அலமாரியைத் திறந்து பச்சைத் துணியில் இடம் ஒதுக்கியபோது அவள் கை நீட்டினாள்.

"அது எங்க போகுது? முதல்ல திறந்தது யாரு?"

"நீதான்."

"அப்ப என்கிட்டயே இருக்கட்டும். நூல் வெட்ட ஆகும்."

அவன் நீல மையைத் துணியால் துடைத்து, கத்தியை அவள் இடக்கையில் வைத்தான்.