டைலரின் இடுப்பளவு

தெருமுனையில் முதலில் டைலரின் தொப்பை திரும்பும். கொஞ்ச நேரம் கழித்துத்தான் டைலர் திரும்புவார். கடையை மூடிவிட்டு வீட்டோடு உட்கார்ந்த பிறகு முளைத்து, மனைவி போய்ச் சேர்ந்த பிறகு செழித்த தொப்பை அது. ஒருத்தருக்கு மட்டும் சமைக்க அவருக்குக் கை வரவில்லை. இரண்டு பேருக்குச் சமைத்து, இரண்டு பேர் பங்கையும் தானே சாப்பிட்டுவந்தால் வேறென்ன ஆகும்?

ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்த டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி பார்த்தார். "உங்க ரத்தத்துல ஓடுற கொழுப்புல ஒரு வாரத்துக்கு வடை சுடலாம் போலிருக்கே" என்றார். ஆஸ்பத்திரி மாடியில் சாயங்காலம் நடக்கும் இலவச உடற்பயிற்சி வகுப்புக்கு அனுப்பிவைத்தார். நடப்பது, மிதிப்பது, பலகையில் ஏறி இறங்குவது. நெஞ்சு படபடக்க வேண்டும், கொழுப்பு கரைய வேண்டும், அவ்வளவுதான். வகுப்பில் ஆறே பேருக்குத்தான் இடம். சனிக்கிழமைதோறும் இடுப்பை அளப்பார்கள். சொன்ன அளவுக்கு வந்துவிட்டால் கைகுலுக்கி அனுப்பிவிட்டு, வெளியே காத்திருப்பவரை உள்ளே கூப்பிடுவார்கள்.

முதல் நாள் டைலர் சிந்திய வியர்வையில் ஒரு ஏக்கர் நெல் நட்டிருக்கலாம். டிரெட்மில் அவரைச் சுமந்துகொண்டு பிரசவ வலியில் முனகுவதுபோல முனகியது. ஆனால் அவரை வீழ்த்தியது அது இல்லை. பக்கத்து சைக்கிளை மிதித்துக்கொண்டிருந்த, அவர் கடை இருந்த தெருவில் துணி தேய்க்கும் லாண்டரிக்காரம்மா திரும்பிப் பார்த்துக் கேட்டாள்: "என்ன டைலரே, உசிரோட இருக்கீங்களா?"

இந்தக் கேள்வியை அவரிடம் யாரும் கேட்டு வெகுகாலம் ஆகியிருந்தது. மகள் வீடியோ கால் பண்ணினால் திரையில் அவள் வீட்டு மின்விசிறிதான் தெரியும். அவள் குரல் சமையலறைக்கும் வாசலுக்கும் ஓடிக்கொண்டிருக்கும். கீழ் வீட்டில் ஓர் ஆள் இருப்பதற்கு இருமல் மட்டும்தான் சாட்சி. சில நாட்களில், ராத்திரி விளக்கை அணைக்கப் போகும்போதுதான் காலையிலிருந்து வாயே திறக்கவில்லை என்பது டைலருக்கு நினைவு வரும். ஒரு தரம் கனைத்துப் பார்த்துக்கொள்வார், குரல் இருக்கிறதா என்று.

அதனால் அவர் வகுப்புக்கு ஓடினார். பயிற்சி தருகிற பெண் பலகையைத் துடைத்து முடிப்பதற்குள் ஆஜர். மூச்சு வாங்க மிதித்துக்கொண்டே லாண்டரிக்காரம்மாவின் மருமகள் புராணம் முழுவதும் கேட்டார்.

தொப்பை கரையத் தொடங்கியது. அங்கேதான் வம்பு.

தொப்பை போனால் வகுப்பு போகும். வகுப்பு போனால் மறுபடி மின்விசிறியும் இருமலும்தான். டைலர் விவரமான ஆள். ஆயுள் முழுக்க ஊரார் இடுப்பை அளந்தவருக்கு இன்ச் டேப்பை ஏமாற்றவா தெரியாது? சனிக்கிழமை வந்தால் மூச்சை அடக்கி வயிற்றை முன்னால் தள்ளுவார். சந்தேகம் வராதிருக்க, வகுப்புக்கு முன் ஒரு குடம் தண்ணீரையும் உள்ளே இறக்கிவிடுவார். நடந்தால் உள்ளே அலையடிக்கும்.

பயிற்சிப் பெண் டேப்பை வெறித்துப் பார்ப்பாள். "சார், நீங்கதான் எல்லாரையும் விட அதிகமா ஓடுறீங்க. எப்படி சார் குறையவே மாட்டேங்குது?"

"பரம்பரை உடம்பும்மா" என்பார் டைலர், வயிற்றைத் தடவிக்கொண்டு.

ஊரையே ஏமாற்றிவிட்ட நிம்மதியில் இருந்தவர், தன் கையை மறந்துவிட்டார். இடுப்பில் தொளதொளவென்று பேன்ட் நிற்பதை எந்த டைலர் பொறுப்பார்? ஒவ்வொரு வாரமும் வீட்டில் தையலைப் பிரித்து இடுப்பைப் பிடித்துத் தைத்தார். அவருக்கு அது தப்பாகவே தோன்றவில்லை. மூக்கு அரித்தால் சொறிவதுபோல செய்துவிட்டார்.

ஒருநாள் சைக்கிளை மிதித்தபடியே லாண்டரிக்காரம்மா குரலைத் தாழ்த்தினாள். "டைலரே, உங்க பின் பாக்கெட்டு ரெண்டும் முன்னெல்லாம் இந்தக் கோடியில ஒண்ணு, அந்தக் கோடியில ஒண்ணா இருக்கும். இப்ப ரெண்டும் ஒட்டி உக்காந்து ரகசியம் பேசுதுங்க."

டைலரின் கால் பெடலிலிருந்து நழுவியது.

"பேன்ட்டை அயர்ன் பண்ணியே கூன் விழுந்தவ நான். என்கிட்டயா?" என்றாள். "எதுக்கு இந்த வேஷம்?"

வகுப்பு முடிந்தால் போக இடமில்லை என்று சொல்லவா முடியும்? "சும்மாதான்" என்றார்.

 அவள் தாடையால் கண்ணாடிக் கதவுக்கு வெளியே காட்டினாள். பெஞ்சில் சீருடையோடு ஒரு பஸ் டிரைவர் உட்கார்ந்திருந்தார். ஸ்டியரிங் உரசி உரசி வயிற்றின் குறுக்கே சட்டையில் ஒரு கரிக்கோடு. "வாரா வாரம் வர்றார், இடம் இல்லன்னு திரும்பிப் போறார். மெடிக்கல் டெஸ்ட்டுல தேறலைன்னா வண்டியைக் கையில குடுக்க மாட்டாங்களாம். நான் யார்கிட்டயும் சொல்லல டைலரே. சொல்லவும் மாட்டேன்."

அதுதான் பெரிய தண்டனை. காட்டிக்கொடுத்திருந்தால் அவள்மேல் கோபப்பட்டாவது ஆறுதல் அடைந்திருக்கலாம்.

சனிக்கிழமை வந்தது. டைலர் தண்ணீர் குடிக்கவில்லை. கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் டிரைவர் தொப்பியை முழங்காலில் மாட்டிச் சுற்றிக்கொண்டிருந்தார். பயிற்சிப் பெண் டேப்பைச் சுற்றியதும், பழக்கத்தில் வயிறு தானாக முன்னால் தள்ளியது.

"மூச்சை அடக்காதீங்க சார். சாதாரணமா நில்லுங்க."

அவர் வாழ்நாள் முழுக்க வாடிக்கையாளர்களிடம் சொன்ன அதே வார்த்தை. டைலர் மூச்சை விட்டார். சாதாரணமாக நின்றார். டேப் வழுக்கிக்கொண்டு உள்ளே போயிற்று.

பயிற்சிப் பெண் மூன்று தரம் அளந்தாள். "ஒரே வாரத்துல இவ்வளவா சார்?"

"பரம்பரை உடம்பு" என்றார். எல்லாரும் கைதட்டினார்கள். லாண்டரிக்காரம்மா கைதட்டவில்லை. டைலரின் துண்டை மடித்து அவர் தோளில் போட்டாள். "தினமும் நடங்க. வீட்லயாவது நடங்க" என்றாள்.

திங்கட்கிழமை சாயங்காலம் வகுப்பு நேரத்துக்குக் கால் சும்மா இருக்க மறுத்தது. டைலர் ஷூ மாட்டிக்கொண்டு கூடத்தின் நடுவில், நின்ற இடத்திலேயே நடந்தார். சுவரில் மனைவியின் படம் ஆடியது. தையல் மெஷின் தானாக இரண்டு தையல் போட்டது. முழங்காலைத் தூக்கித் தூக்கி அடித்தார். மாட்டு வண்டிகள் வரிசையாகப் பாலம் கடப்பதுபோல வீடு அதிர்ந்தது.

டொக், டொக், டொக்.

கீழ் வீட்டுக்காரர் கம்பால் தன் வீட்டு மேல்கூரையை இடித்தார். டைலர் உறைந்துபோய் நின்றார். இருமல் சத்தம். பிறகு நிசப்தம். அதோடு விட்டிருந்தால் டைலர் போய்ப் படுத்திருப்பார். ஆனால் உள்ளே இருந்த குறும்பு விடவில்லை. காலைத் தூக்கி மெதுவாக ஒரே ஒரு தரம் தரையைத் தட்டினார்.

கீழே யோசனை ஓடியது. டொக்.

டைலர் இரண்டு தரம் தட்டினார். கீழேயிருந்தும் இரண்டு வந்தது.

அவருக்குச் சிரிப்பு வந்தது. கனைக்காமலே குரல் இருப்பது தெரிந்தது.

மறுநாள் சாயங்காலம் ஷூ நாடாவில் முடிச்சு விழுந்து, நடக்கத் தொடங்க நேரமாகிவிட்டது. குனிந்து அதோடு போராடிக்கொண்டிருந்தபோது, காலடியில் தரை அவரைக் கூப்பிட்டது.

டொக்.