மறுப்பு மேடம்

பல்கலைக்கழகத்தில் அவளுக்கு 'மறுப்பு மேடம்' என்று பெயர். செய்தித் தொடர்பு அலுவலர் என்பதெல்லாம் அறைக் கதவில் மாட்டிய பலகையோடு சரி. விடுதியில் தண்ணீர் வரவில்லை என்று எவராவது எழுதினால், 'அவ்வாறு எதுவும் நிகழவில்லை' என்ற அறிக்கை அவள் மேசையிலிருந்துதான் போகும். வீட்டிலோ வேறு கூத்து. அதே பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டு மாணவர் இதழை நடத்துபவள் அவள் பெற்ற மகள். சாப்பிடும்போது வேலைப் பேச்சு கூடாது என்று இருவருக்கும் ஒப்பந்தம். அது ஒரு நாளும் நிலைத்ததில்லை.

"என் பத்திரிகையை ஒரு வரி விடாம படிக்கறது நீ ஒருத்திதாம்மா" என்பாள் மகள். "மறுப்பு எழுதறதுக்காவது படிக்கறியே!"

அந்த ஆண்டு நிர்வாகம் வளாகத்தின் பின் கதவைப் பூட்டியது. பின்னால் நெருக்கமான குடியிருப்பு. முன் வாசலுக்கு எதிரே அரசு மருத்துவமனை. வளாகச் சாலைதான் அந்த மக்களுக்குக் குறுக்கு வழி. பாதுகாப்பு என்று காரணம் சொன்னார்கள். புதிய புல்வெளிப் பக்கம் வெளியாட்கள் தலைகாட்டக் கூடாது என்பது வாய்விட்டுச் சொல்லாத காரணம்.

பிறகு மகளின் இதழில் அந்தச் செய்தி வந்தது. பிரசவ வலியோடு வந்த பெண்ணைப் பின் கதவிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள்; சுற்று வழி நெரிசலில் மாட்டி, காரிலேயே பிள்ளை பிறந்தது. இரண்டு உயிரும் தப்பியது பெரிய விஷயம். நகரத்து நாளிதழ்கள் செய்தியைப் பிடித்துக்கொண்டன. ஊர் நடந்த சாலையை அடைக்க இவர்கள் யார் என்று எல்லோரும் கேட்டார்கள்.

துணைவேந்தர் அவளைக் கூப்பிட்டார். "நாளைக்கு நிருபர்கள் வர்றாங்க. அப்படி யாருமே கதவுக்கு வரலை, பசங்க கட்டிவிட்ட கதைன்னு சொல்லிடுங்க."

"கேட் காவலரை விசாரிச்சீங்களா சார்?"

"அது உங்க வேலை இல்லை மேடம். வீட்டுலயே அதட்டி வச்சிருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்காது. பொண்ணு படிப்பை முடிக்கணும்ல?"

அவள் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். நேரே பின் கதவுக்குப் போனாள். காவலர் எழுந்து நின்றார்.

"சாவி என்கிட்ட இல்லை மேடம். மேலிடத்துக்குப் போன் பண்ணேன். திறக்க முடியாதுன்னுட்டாங்க. அந்தப் பொண்ணு கார் கண்ணாடியைத் தட்டித் தட்டி அழுதுச்சு. இப்பவும் காதுல கேக்குது."

அன்று இரவு அவள் மகளுக்குச் சாதம் போட்டாள்.

"என்னம்மா, நாளையிலேர்ந்து நான் பொய்க்காரியா?"

"ஆறிடப் போகுது. சாப்பிடு."

மறுநாள் கூட்ட அரங்கு நிரம்பி வழிந்தது. பக்கத்து நாற்காலியில் துணைவேந்தர். எழுதித் தந்த அறிக்கையைக் குப்புறக் கவிழ்த்து வைத்துவிட்டு அவள் ஒலிபெருக்கியை இழுத்துக்கொண்டாள்.

"மாணவர் இதழ் எழுதினது உண்மை. அந்தப் பெண் வந்தாங்க. காவலர் போன் பண்ணிக் கேட்டும் நிர்வாகம் கதவைத் திறக்கலை. இதை மறுக்க என்கிட்ட ஒண்ணுமில்லை."

துணைவேந்தர் பாய்ந்து குறுக்கிட்டார். "மேடத்துக்கு உடம்பு சரியில்லை..."

"உடம்புக்கு ஒண்ணுமில்லை சார். இப்பதான் நல்லா இருக்கு."

அரங்கே சிரித்தது. கடைசி வரிசையில் மகள் மட்டும் குனிந்த தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தாள்.

மாலைக்குள் பணியிடை நீக்க உத்தரவு வந்துவிட்டது. ஊர் விடவில்லை. ஒரு வாரத்தில் நிர்வாகம் இறங்கி வந்து, பகலில் மட்டும் கதவு திறந்திருக்கும் என்றது. 'கதவு பாதி திறந்தது' என்று மகள் தலைப்புப் போட்டாள்.

"வலி என்ன மணி பார்த்தா வருது?" என்று கேட்டுக்கொண்டே அம்மா செருப்பை மாட்டினாள்.

பொழுது சாயும் நேரத்தில் குடியிருப்புப் பெண்களும் மாணவர்களும் பின் கதவைப் பூட்ட விடாமல் அடைத்து நின்றார்கள். அவள் முன்வரிசையில் போய் நின்றாள். காவலர் சங்கிலியோடு தயங்கினார்.

"நகருங்க மேடம், பூட்டணும்."

"நகர மாட்டோம். மேலிடத்துக்குப் போன் போட்டு அப்படியே சொல்லுங்க."

குடியிருப்புப் பக்கமிருந்து மருத்துவமனைக்குப் போகும் ஒரு கார் ஒலியெழுப்பியது. கூட்டம் விலகி அதை உள்ளே விட்டது. உடனே மறுபடி தோளோடு தோள் சேர்ந்து நின்றது.